பத்துக்குப் பத்து ஆபீஸ் ரூம்ல ஹை-ஃபை: என்கிட்ட எல்லாரும் கேக்குற கேள்விங்க

வீட்டுலயே வேலைன்னு ஆனதுல இருந்து நெறைய பேர் ஒரு ரூமை ஆபீஸ் ஆக்கிட்டாங்க, சாயந்திரம் லேப்டாப்பை மூடினதும் அதே சேர்ல சாஞ்சு நல்லா பாட்டு கேக்கணும்னு ஆசையும் வந்துருச்சு. என் ரூமும் அப்படித்தான். வேளச்சேரில வாடகை ஃப்ளாட், பத்தடிக்குப் பத்தடி, டைல்ஸ் தரை, ஒரு ஜன்னல், ஒரு மூலைல ஸ்டீல் பீரோ, செவுத்துல ஆணி அடிச்சா ஹவுஸ் ஓனர் மூஞ்சி தூக்கிருவாரு. இந்த ரூம்ல நாலு வருஷமா நான் பண்ண தப்பெல்லாம் சேத்துத்தான் பதில் சொல்றேன்.

சின்ன ரூமுக்கு எதுக்கு பாஸ் ஹை-ஃபை, ஒரு நல்ல ப்ளூடூத் ஸ்பீக்கர் பத்தாதா?

சமையல் பண்ணும்போது கேக்க அது போதும். ஆனா ஒரே பொட்டில இருந்து வர்ற சத்தத்துல பாடறவரு எங்க நிக்கிறாரு, வயலின் எந்தப் பக்கம், மிருதங்கம் எவ்ளோ தள்ளி இருக்குன்னு எதுவுமே தெரியாது, எல்லாம் ஒரே குண்டான்ல போட்டுக் கிண்டின மாதிரி இருக்கும். ரெண்டு ஸ்பீக்கரைச் சரியா வெச்சா பாடறவரு உங்க மானிட்டருக்குப் பின்னாடி வந்து உக்காருவாரு, அங்க ஸ்பீக்கரே இல்லைன்னாலும்.

சின்ன ரூம்ங்கறது நெனைக்கிற அளவுக்குக் குறையும் இல்ல. பிபிசிக்காரங்க 1970கள்ல எல்எஸ்3/5ஏ-ன்னு ஒரு குட்டி ஸ்பீக்கர் டிசைன் பண்ணாங்க, எதுக்குன்னா வெளிய போய் ரெக்கார்டிங் பண்ற வேனுக்குள்ள உக்காந்து கேக்கறதுக்கு. வேன்னா எவ்ளோ எடம் இருக்கும், நம்ம ரூம் அதவிடப் பெருசு. இன்னிக்கும் அத தேடி வாங்கறாங்க, கெஃப் கம்பெனி 2012-ல விட்ட எல்எஸ்50-யும் அத மனசுல வெச்சுப் பண்ணதுதான். அதனால பெரிய டவர் ஸ்பீக்கர் வாங்க முடியலையேன்னு வருத்தப்படாதீங்க, இந்த ரூம்ல அத வெச்சா கெடுத்துதான் வைக்கும்.

பட்ஜெட்டை எப்படிப் பிரிக்கறது?

என் கணக்கு, கையில 25 ஆயிரம் இருந்தா 15, 16 ஸ்பீக்கருக்கு, 5, 6 ஆம்புக்கு (ஸ்பீக்கரை ஓட்டற ஆம்ப்ளிஃபையர்), மிச்சத்தை ரூமுக்கு. ரூமுக்கான்னு கேப்பீங்க, கீழ வர்றேன். நான் மொதல்ல இத உல்டாவா பண்ணேன், ஆம்புக்கு எல்லாத்தையும் கொட்டிட்டு மிச்சக் காசுல ஸ்பீக்கர் வாங்கினேன், அப்புறம் இன்னும் பெரிய ஆம்பு வாங்கினேன், பேஸ் குமுறல் மட்டும் அப்படியே இருந்துச்சு. கடைசில டேபிளை மூலைல இருந்து ஒன்றரை அடி நகத்தினப்பதான் பாதி பிரச்சன போச்சு. டேபிளை நகத்த நயா பைசா செலவில்ல.

ஆக்டிவ் ஸ்பீக்கரா, பாசிவ் பிளஸ் ஆம்பா?

ஆபீஸ் டேபிளுக்குன்னா நான் ஆக்டிவ்தான் சொல்வேன். ஆம்பு உள்ளயே இருக்கும், வயர் கம்மி, ஸ்டுடியோ மானிட்டர்னு (ரெக்கார்டிங் ஸ்டுடியோல வெக்கற ஸ்பீக்கர்) விக்கிற ஜேபிஎல், காலி ஆடியோ, எடிஃபையர் மாதிரி கம்பெனிங்களது பக்கத்துல உக்காந்து கேக்கறதுக்கு நல்லாவே இருக்கு. பின்னாடி செவுத்துக்குப் பக்கத்துல வெச்சா பேஸைக் கொறைக்க ஒரு சுவிட்ச் பல மாடல்ல இருக்கும், அது நமக்கு வரப்பிரசாதம். ஒரு குறை, சில ஸ்டுடியோ மானிட்டர்ல பாட்டு நின்னதும் ட்வீட்டர்ல (கூரான சத்தத்துக்குன்னு ஸ்பீக்கர்ல இருக்கற குட்டிக் கோன்) உஸ்ஸ்னு மெல்லிசா சத்தம் வரும், ராத்திரி அமைதில காதுக்கு எட்டும். வாங்கறதுக்கு முன்னாடி கடைல சும்மா ஆன் பண்ணிட்டு காதை ஒட்டி வெச்சுப் பாருங்க.

அப்பாவோட பழைய ஸ்பீக்கர் பரண்ல கெடக்கு, இல்ல பின்னால மாத்தி மாத்தி வாங்கற ஆளுன்னா பாசிவ் எடுங்க. கை அகலத்துல வர்ற கிளாஸ்-டி ஆம்பு போதும்.

எத்தன வாட்ஸ் வேணும்?

நெனச்சதுல பத்துல ஒரு பங்கு. 86 டெசிபல் சென்சிட்டிவிட்டி போட்ட ஸ்பீக்கர்னா என்ன அர்த்தம், ஒரு வாட் குடுத்தா ஒரு மீட்டர் தூரத்துல 86 டெசிபல் சத்தம். நீங்க உக்காரப் போறதே ஒரு மீட்டர்லதான், 86-ங்கறது பக்கத்துல நிக்கிறவர் கிட்ட கத்திப் பேசற அளவு. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 40 மணி நேரம் கேக்கறவங்களுக்கு 80 டெசிபலைத்தான் எல்லைன்னு வெச்சிருக்கு. நாள் பூரா வேலை பாத்துக்கிட்டே கேக்கறவங்க அதையும் விடக் கீழ இருங்க. அப்போ 20 வாட் ஆம்பே பாதி தூங்கிட்டுதான் இருக்கும். தொண்ணூறுகள்ல அசெம்பிள்டு செட்டு மேல 1000 வாட்ஸ் பிஎம்பிஓ-ன்னு ஸ்டிக்கர் ஒட்டி வித்தாங்களே, அதுல நெஜ வாட்ஸ் விரல் விட்டு எண்ணிரலாம். ஆர்எம்எஸ்-னு (விடாம குடுக்கற நெஜ வாட்ஸ்) எழுதியிருக்கற நம்பரை மட்டும் பாருங்க.

ஸ்பீக்கரை எங்க வைக்கறது? டேபிள்ல எடமே இல்ல

இதுதான் மெயின் மேட்டர், இத சரியா பண்ணா மத்ததெல்லாம் ஓரளவு தானா வந்துரும். ரெண்டு ஸ்பீக்கர், உங்க தலை, மூணும் சம முக்கோணம். ரெண்டுக்கும் நடுவுல மூணடின்னா ஒவ்வொண்ணுல இருந்தும் உங்க காதுக்கும் மூணடி. இன்ச் டேப் வெச்சு அளங்க, கண் அளவு ஏமாத்தும். என் ரைட் ஸ்பீக்கர் நாலு இன்ச் பக்கத்துல இருந்ததுல பாடறவரு ஆறு மாசமா வலது பக்கமாவே நின்னுட்டு இருந்தாரு, நான் ரெக்கார்டிங்தான் அப்படின்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

அடுத்தது உயரம். ட்வீட்டர் காது உயரத்துக்கு வரணும். டேபிள் ரெண்டரை அடி, உக்காந்தா காது நாலு அடிகிட்ட வரும், ஸ்பீக்கரை அப்படியே டேபிள்ல வெச்சா சத்தம் உங்க நெஞ்சுக்குதான் பாடும். அதோட சத்தம் டேபிள் பலகைல பட்டுத் தெறிச்சு ரெண்டாவது தடவயா காதுக்கு வந்து நேரா வர்ற சத்தத்தோட மோதும், குரல் ஏதோ டப்பாக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆயிரும். இதுக்கு ஆயிரக்கணக்குல ஸ்டாண்ட் விக்கறாங்க. நான் பண்ணது, பக்கத்துல வீடு கட்டிக்கிட்டு இருந்த எடத்துல நாலு செங்கல் கேட்டு வாங்கிட்டு வந்து, கழுவி காயவெச்சு, பழைய வேட்டித் துணில சுத்தி, ஸ்பீக்கருக்கு ரெண்டா அடுக்கி வெச்சேன், மேல பழைய ஹவாய் செருப்பை வெட்டி நாலு மூலைக்கு நாலு துண்டு. முன் பக்கம் ரெண்டு துண்டா வெச்சா ஸ்பீக்கர் லேசா அண்ணாந்து காதைப் பாக்கும். வீட்டுல சிரிச்சாங்க, ஆனா டேபிள் அதிர்றது நின்னுருச்சு.

பின் செவுத்துல இருந்து எவ்ளோ தூரம்னு கேட்டா, சின்ன ரூம்ல நல்லா ஒட்டியே வெச்சுட்டு, அரை அடிக்குள்ள, பேஸ் சுவிட்சைக் கொறைக்கறது பெட்டர். ரெண்டு மூணு அடி தள்ளி வெச்சா செவுத்துல பட்டுத் திரும்பற சத்தம் 100 ஹெர்ட்ஸ் பக்கத்துல ஒரு எடத்தை அழிச்சு பள்ளம் போட்டுரும், ஆம்பளக் குரலோட கனமே அங்கதான். பின்னாடி ஓட்டை இருக்கற ஸ்பீக்கர்னா நாலு இன்ச்சாவது மூச்சு விட எடம் குடுங்க, அப்பவும் தொம்முனு அடிச்சா ஓட்டைல ஒரு சாக்ஸை உருட்டிச் சொருகிப் பாருங்க. மூலைல மட்டும் வெக்காதீங்க, தயவு செஞ்சு.

பேஸ் சில பாட்டுல குமுறுது, சிலதுல ஆளே காணோம். ஸ்பீக்கர் ஃபால்ட்டா?

ரூம் ஃபால்ட். பத்தடிங்கறது 3 மீட்டர் சொச்சம். எதிரெதிர் செவுருக்கு நடுவுல சத்தம் போய்ட்டு வர்ற தூரத்துக்குக் கச்சிதமா பொருந்தற ஒரு சுருதி இருக்கும், நம்ம பத்தடிக்கு அது 56, 57 ஹெர்ட்ஸ். அந்த சுருதி வந்தா ரூமே சேந்து பாட ஆரம்பிச்சிரும். நீளமும் பத்து அகலமும் பத்துன்னா ரெண்டு பக்கமும் அதே சுருதில பாடும், சீலிங்கும் பத்தடின்னா கேக்கவே வேணாம், மூணு பேரும் சேந்துக்குவாங்க. சதுர ரூம்தான் இருக்கறதுலயே மோசம், நம்ம பில்டருங்களுக்கு அதுதான் பிடிக்கும்.

இதுல வேடிக்கை என்னன்னா அந்த 56 ஹெர்ட்ஸ் செவுத்தோரம் குமுறும், ரூமுக்கு நட்ட நடுவுல சுத்தமா இருக்காது. நம்பலைன்னா மிருதங்கத் தனி ஆவர்த்தனம் ஏதாவது ஒண்ணு போட்டுட்டு ரூம்குள்ள மெதுவா நடங்க. வலந்தலைல விழற அடி எங்க நின்னாலும் ஒரே மாதிரி கேக்கும், தொப்பில தொம்முனு விழறது மட்டும் செவுத்துகிட்ட போனா பீப்பாய் மாதிரி பெருத்து, நடுவுல வந்தா தட்டையாயிரும். உக்கார்ற எடத்தை நடுல வெக்காம, எதிர்ச் செவுத்துல இருந்து மூணரை, நாலு அடில வெச்சுப் பாருங்க. அரை அடி முன்ன பின்ன நகந்து உங்களுக்கு எங்க சமமா இருக்கோ அங்க சேர். தரைல ஒரு துண்டு டேப் ஒட்டிக்கங்க.

இதுக்கும் மேல போகணும்னா ஆர்இடபிள்யூ-ன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, ஒரு மெஷர்மென்ட் மைக் வேணும், யாராவது ஃப்ரெண்ட் கிட்ட ஒருநாள் வாங்கிக்கங்க. எங்க மேடு எங்க பள்ளம்னு கோடு போட்டுக் காட்டும். விண்டோஸ்ல ஈக்வலைசர் ஏபிஓ போட்டு மேட்டை வெட்டலாம், பள்ளத்தை மட்டும் தூக்கி நிரப்பப் பாக்காதீங்க, அது அடியில்லாத கொடம், எவ்ளோ ஊத்தினாலும் ஆம்புதான் சூடாகும்.

செவுத்துல முட்டை அட்டை ஒட்டினா எக்கோ போகுமாமே?

போகாது. தீப்பிடிச்சா மட்டும் நல்லா பிடிக்கும், ஒட்டாதீங்க.

கை தட்டிப் பாருங்க, டிங்ங்னு ஒரு வால் வந்தா டைல்ஸும் வெறும் செவுரும் சேந்து சத்தத்தைப் பந்தாடுதுன்னு அர்த்தம். மொதல்ல தரைக்கு ஒரு கனமான ஜமுக்காளம் விரிங்க, ரெண்டா மடிச்சு. பவானி ஜமுக்காளம் நல்ல கனம். கோரைப்பாய் பிரயோஜனமில்ல. ஜன்னலுக்கு மெல்லிசு ஸ்க்ரீன எடுத்துட்டு தடிசா ஒண்ணு, மடிப்பு மடிப்பா விழற மாதிரி. இதெல்லாம் கூரான சத்தத்தை மட்டும்தான் அடக்கும், பேஸ் இதுக்கெல்லாம் அசராது.

அடுத்தது சைடு செவுரு. நீங்க சேர்ல உக்காந்துக்கங்க, வீட்டுல யாரையாவது ஒரு மொகம் பாக்கற கண்ணாடியை சைடு செவுத்துல ஒட்டி நகத்தச் சொல்லுங்க, கண்ணாடில ஸ்பீக்கர் தெரியற எடம் எதுவோ அங்கதான் சத்தம் தெறிச்சு உங்க காதுக்கு வருது. அந்த எடத்துல ரெண்டு இன்ச் ராக்வூல் (பாறைய உருக்கி இழையாக்கின பஞ்சு) பேனல், நாலு இன்ச்னா இன்னும் உத்தமம். மரச்சட்டம் அடிச்சு உள்ள ராக்வூல் வெச்சு துணியால நல்லா இழுத்து மூடிருங்க, அந்தத் தூசி தோல்ல பட்டா அரிக்கும், வேலை செய்யும்போது மாஸ்க் போடுங்க. ஆணி அடிக்க முடியாத வாடகை வீட்டுக்காரங்களுக்கு, சட்டத்துக்கு கீழ ரெண்டு கால் வெச்சு நிக்கற மாதிரி பண்ணிரச் சொன்னா தச்சரே பண்ணிக் குடுத்துருவாரு, வீடு மாறும்போதும் தூக்கிட்டுப் போலாம். காசு இல்லையா, விருந்தாளிக்குன்னு வெச்சிருக்கற இலவம்பஞ்சு மெத்தைய அந்த எடத்துல நிமித்தி சாத்தி வைங்க, பாக்க அசிங்கமா இருக்கும், கேக்க நல்லா இருக்கும்.

ஸ்பீக்கர்ல ங்ங்ங்-னு ஒரு சத்தம் விடாம வருது

லேப்டாப் சார்ஜரைப் புடுங்குங்க. நின்னுருச்சா? அப்போ கிரவுண்ட் லூப். லேப்டாப்புக்கு ஒரு எர்த், ஆம்புக்கு வேற ஒரு எர்த் வழி, ரெண்டும் ஆடியோ வயர் வழியா கை கோத்துக்குது, நம்ம கரண்டோட 50 ஹெர்ட்ஸும் அதோட மடங்குங்களும் உள்ள பூந்துருது. ரெண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகுங்க, பாதிக் கேஸ் இதுலயே முடிஞ்சிரும். முடியலைன்னா ஆப்டிகல் கேபிள் போடற வசதி இருந்தா அத போடுங்க, இல்லைன்னா யூஎஸ்பி ஐசொலேட்டர், ஆக்டிவ் ஸ்பீக்கர்ல பேலன்ஸ்டு இன்புட் இருந்தா அந்த கேபிள்.

எர்த் பின்னை ஒடைச்சுட்டா சத்தம் நின்னுரும்னு ஒருத்தர் கண்டிப்பா சொல்வாரு. சத்தம் நிக்கும், ஒருநாள் உங்களுக்கும் எல்லாம் நின்னுரும். பண்ணவே பண்ணாதீங்க.

எனக்கு நடந்தது வேற மாதிரி. லேப்டாப்போட அலுமினியத்துல முழங்கை பட்டா சுர்ர்னு எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும், நான் பிரமைன்னு விட்டுட்டேன். ஒரு கடைல ஐசொலேட்டர், ஃபில்டர்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு தலைல கட்டினாங்க, ஹம் போகல. கடைசில எலக்ட்ரீஷியன் வந்து சுவிட்ச் போர்டைக் கழட்டினா, மூணு பின் சாக்கெட்டு இருக்கு, எர்த் ஓட்டைக்குப் பின்னாடி வயரே இல்ல! அழகா வெறும் ஓட்டை. மெயின்ல இருந்து பச்சை வயர் இழுத்தாரு, அன்னிக்கு சாயந்திரமே சத்தம் போச்சு, முழங்கை சுர்ரும் போச்சு. உங்க ரூம் சாக்கெட்டுல எர்த் இருக்கான்னு ஸ்பீக்கர் வாங்கறதுக்கு முன்னாடியே பாத்துருங்க.

கரண்டு போய் இன்வெர்ட்டர்ல ஓடும்போது மட்டும் கொர்ர்ருங்குது?

ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரா இருக்கும். ப்யூர் சைன் வேவ் மாத்தினா சரியாகும், அதுவரைக்கும் கரண்டு வர்ற வரை ஹெட்ஃபோன்.

டாக் (டிஜிட்டல் பாட்டை ஸ்பீக்கருக்கான சிக்னலா மாத்தற டப்பா) வாங்கணுமா? ப்ளூடூத்ல கேட்டா தப்பா?

லேப்டாப்போட ஹெட்ஃபோன் ஓட்டைலயே நேரா கேட்டுப் பாருங்க. மவுசை நகத்தினா கீச்சு கீச்சுன்னு சத்தம், அமைதியான எடத்துல இரைச்சல், இதெல்லாம் இருந்தா ஒரு சின்ன யூஎஸ்பி டாக், விரல் அளவு டாங்கிள் போதும். அதுக்கு மேல செலவு பண்றதுல காதுக்குத் தெரியற மாதிரி வித்தியாசம் எனக்குக் கெடைக்கல, கெடைச்சவங்க சண்டைக்கு வராதீங்க.

சிடில ஓடறது நொடிக்கு 1411 கிலோபிட். ப்ளூடூத்ல பாட்டைச் சுருக்கி அனுப்பற முறைங்கள்ல எல்டிஏசி அதிகபட்சம் 990, சாதா எஸ்பிசி அதுல மூணுல ஒண்ணுதான். ஐஃபோன்ல எல்டிஏசி கெடையாது. வேலை பாத்துக்கிட்டே கேக்க ப்ளூடூத் தாராளமா போதும், உக்காந்து கேக்கணும்னா வயர். ஆப்பிள் மியூசிக்ல 2021-ல இருந்து லாஸ்லெஸ் (எதையும் வெட்டாத முழுத் தரம்) தனிக் காசு இல்லாம வருது, செட்டிங்ஸ்ல போய் ஆன் பண்ணணும், பாதி பேர் பண்றதே இல்ல. ஐம்பது அறுபதுகளோட சினிமாப் பாட்டெல்லாம் பெரும்பாலும் மோனோ (ரெண்டு பக்கமும் ஒரே சத்தம்), அதுல லெஃப்ட் ரைட் தேடாதீங்க, ஆனா மோனோ பாட்டு ஒரு நல்ல டெஸ்ட்டு. குரல் ரெண்டு ஸ்பீக்கருக்கும் நட்ட நடுவுல ஒரே புள்ளியா நிக்கணும். நிக்காம பரவிக் கெடந்து, பேஸும் காணாமப் போயிருந்தா ஒரு ஸ்பீக்கர்ல சிவப்பு கறுப்பு வயரை மாத்திக் குடுத்திருக்கீங்க.

ஸ்பீக்கர் கேபிள் எது நல்லது?

கரண்டு கடைல கெடைக்கிற 1.5 ஸ்கொயர் காப்பர் வயர். நாலு மீட்டருக்குள்ள இதுவே ஜாஸ்தி.

சப்வூஃபர் (பேஸுக்குன்னே தனி ஸ்பீக்கர்) வேணுமா?

அப்பார்ட்மென்ட்லயா? கீழ் வீட்டுக்காரரைக் கேட்டுட்டு வாங்குங்க. சின்ன ரூம் சும்மாவே பேஸை ஊதிப் பெருசாக்கும், மொதல்ல ஆறு மாசம் இல்லாம கேட்டுப் பாருங்க.

மீட்டிங்குக்கும் இதே ஸ்பீக்கரை யூஸ் பண்ணலாமா?

பண்ணலாம், ஆனா எதிர்ல இருக்கறவங்க பேசும்போது அவங்க குரலே உங்க மைக் வழியா அவங்களுக்குத் திரும்பிப் போகும், சாஃப்ட்வேர் அத அடக்கப் போய் உங்க குரலையும் கடிச்சுத் துப்பும். நான் மீட்டிங்குக்கு ஒரு சாதா வயர் ஹெட்செட் தனியா வெச்சிருக்கேன். ப்ளூடூத் ஹெட்செட்டுல மைக் ஆன் ஆனதும் பாட்டு பழைய லேண்ட்லைன் போன் மாதிரி ஆயிருதேன்னு கேக்கறவங்களுக்கு, அது ரிப்பேர் இல்ல, கால் மோடுக்கு மாறினா அப்படித்தான்.

சென்னை வெயில், உப்புக்காத்து எல்லாம் தாங்குமா?

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது கோனைச் சுத்தியிருக்கற வளையத்தை விரலால மெதுவா தொட்டுப் பாருங்க. பழைய ஃபோம் வளையம்னா நம்ம ஊரு ஈரத்துக்கு பத்துப் பதினஞ்சு வருஷத்துல கேக் மாதிரி உதுந்துரும், ரப்பர் வளையம்னா கவலையில்ல. பெசன்ட் நகர் மாதிரி கடலோரத்துல இருக்கறவங்க வயர் சொருகற டெர்மினலை வருஷம் ஒருதடவை கழட்டித் தொடைங்க, பச்சைப் பாசி மாதிரி பூத்திருக்கும். ஆம்பு மேல ஃபைல், டம்ளர், எதுவும் வெக்காதீங்க, சூடு வெளிய போகணும்.

ஃபேன் சத்தம் என்ன பண்றது?

பாட்டு கேக்கற நேரம் ரெண்டுல வைங்க. மே மாசம் வேற வழியில்ல, ஃபேனோட சேத்துதான் கேக்கணும்.

எல்லாம் சரி, ஆனா சில பாட்டுல மட்டும் கிர்ர்ர்னு ஒரு அதிர்வு. ஸ்பீக்கர் கிழிஞ்சிருச்சா?

நானும் அப்படித்தான் பயந்தேன். வாரண்டி கார்டைத் தேடி எடுத்து, பொட்டிய பேக் பண்ணக்கூட ஆரம்பிச்சுட்டேன். அப்புறம் ஃபோன்ல ஒரு டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு அத ஸ்பீக்கர்ல விட்டு 40 ஹெர்ட்ஸ்ல இருந்து மெதுவா ஏத்திக்கிட்டே போனேன். எழுபது சொச்சத்துல கிர்ர்ர் ஆரம்பிச்சுது, எண்பது தாண்டினா இல்ல. அந்த எடத்துலயே நிறுத்தி வெச்சுட்டு ரூம்ல ஒவ்வொரு சாமானா கைய வெச்சு அழுத்திக்கிட்டே வந்தேன், ஜன்னல் கொக்கி இல்ல, போட்டோ ஃப்ரேம் இல்ல, டியூப்லைட் பட்டை இல்ல. பீரோ கிட்ட வந்து கதவுல கைய வெச்சதும் கப்புனு நின்னுச்சு. பீரோ பூட்டுல தொங்கிக்கிட்டு இருந்த சாவிக்கொத்து, அது தகரத்துல பட்டு ஆடிக்கிட்டு இருந்திருக்கு. கதவு இடுக்குல பழைய பனியன் துணிய மடிச்சு சொருகினேன், சாவிக்கொத்து இப்ப ஃப்ரிட்ஜ் மேல இருக்கு, வீட்டுல தெனம் அத தேடறாங்க.